வீட்டிலிருந்து அலுவலக சர்வர் கிடைக்கவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

20 முதல் 60 பேர் வேலை செய்யும் அலுவலகம். உள்ளே ஒரு சர்வர், அதில் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்களும் டேலியும். பாதிப் பேர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்துக்குள் அலுவலகம் வரை போகும் பூட்டிய தனி வழி) வழியாக வருகிறார்கள். நெட்வொர்க்குக்கென்று தனி ஆள் இல்லை. கொஞ்சம் விஷயம் தெரிந்த ஒருவர் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்திருக்கிறது. இந்தக் குறிப்பு அவருக்காக.

புகார் வந்ததும் எதையும் தொடாதீர்கள். முதலில் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்:

- உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் இப்படியா?
- கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்குப் பிறகு ரவுட்டர், லேப்டாப், பாஸ்வேர்டு ஏதாவது மாறியதா?
- வீட்டு வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் என்ன ஆகிறது?

இந்த மூன்று பதிலை வைத்தே கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறோம். விபிஎன் படுத்துகிறது என்பதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் எண்) திறந்து ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குக் காட்டிவிடாதீர்கள். "இன்று ஒருநாள் மட்டும்" என்று திறந்ததை யாரும் திரும்பப் போய் மூடுவதில்லை. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றுவதும் காப்பாற்றாது; எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கீழே உள்ள எந்தக் கோளாறுக்கும் அந்தக் குறுக்குவழி தேவையே இல்லை.

## விபிஎன் இணையவே இல்லை, ஒருவருக்கு மட்டும்

ஹாட்ஸ்பாட்டில் இணைகிறது, வீட்டு வைஃபையில் இல்லை. கோளாறு வீட்டு ரவுட்டரிலோ அந்த இணையச் சேவையிலோ இருக்கிறது. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். கோளாறு போகவில்லை என்றால் விபிஎன் பயன்படுத்தும் போர்ட் தடைபடுகிறதா என்று பாருங்கள். விபிஎன் வகைகளில் வயர்கார்டு வழக்கமாக யுடிபி 51820, ஓப்பன்விபிஎன் யுடிபி 1194, ஐபிசெக் யுடிபி 500 மற்றும் 4500. சில ஹோட்டல், ஹாஸ்டல் வைஃபைகள் இவற்றை விடாது. ஓப்பன்விபிஎன் என்றால் டிசிபி 443-இல் இரண்டாவது வழி ஒன்றை அமைத்து வைக்கலாம். வேகம் குறையும், ஆனாலும் வேலை நடக்கும். எல்2டிபி வகை விபிஎன் பயன்படுத்தும் அலுவலகமாக இருந்தால், ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவரும் அதே அலுவலகத்துக்கு இணைய முயல்கிறார்களா என்றும் கேளுங்கள். பல வீட்டு ரவுட்டர்கள் இரண்டாவது இணைப்பைக் குழப்பிவிடும்.

ஹாட்ஸ்பாட்டிலும் இணையவில்லை. லேப்டாப்பின் தேதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் சான்றிதழ் (விபிஎன்னில் அடையாளம் காட்டும் கோப்பு) இன்னும் அமலுக்கு வரவில்லை என்று நிராகரிக்கப்படும். ஓடிபி செயலி 30 விநாடிக்கு ஒரு எண் தருவது என்றால் போனின் நேரமும் தானாகச் சரியாகும்படி இருக்க வேண்டும். அடுத்து பாஸ்வேர்டு காலாவதியா, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்று சர்வரில் பாருங்கள். புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸ் ஏதாவது விபிஎன்னைத் தடுக்கிறதா என்பது அதற்கும் பிறகு.

வயர்கார்டு பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சாவி (அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) தவறாக இருந்தால் அது எந்தப் பிழைச்செய்தியும் தராது, பேசாமல் இருந்துவிடும். செயலியில் 'இயங்குகிறது' என்று பச்சையாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கடைசிக் கைகுலுக்கல் (இருபக்கமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டது) எப்போது நடந்தது என்ற வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் இணைப்பு இல்லை.

## விபிஎன் இணையவே இல்லை, எல்லோருக்கும்

நேற்றிரவு மின்வெட்டு அல்லது ரவுட்டர் மறுதொடக்கம் நடந்திருக்கிறது. அலுவலகத்தின் வெளி ஐபி மாறியிருக்கும். அலுவலகத்தில் இருப்பவரை ஒரு பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊழியர்களின் விபிஎன் அமைப்புக் கோப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால், கோப்பில் எண்ணுக்குப் பதில் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் மாறாத பெயர்) ஒன்றைப் போட்டுவிடுங்கள். இதற்குச் செலவு இல்லை. நிலையான ஐபி வாங்கினால் மாதக் கட்டணம் உண்டு, ஆனால் இந்தத் தலைவலி அடியோடு போகும்.

இணையச் சேவை அல்லது திட்டம் சமீபத்தில் மாறியது. ரவுட்டரின் வான் (வெளி இணைப்பு) பக்கத்தில் தெரியும் ஐபியையும் பிரவுசர் காட்டும் ஐபியையும் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்புக்குள் உங்கள் அலுவலகம் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்கு அனுப்பும் அமைப்பை) எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. இரண்டே வழி: சேவையாளரிடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது வெளியே ஒரு சிறிய வாடகை சர்வரையோ டெயில்ஸ்கேல் போன்ற சேவையையோ நடுவில் வைத்து, அலுவலகமும் ஊழியர்களும் அதை நோக்கிப் போகும்படி செய்யுங்கள்.

எதுவுமே மாறவில்லை, ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் ஒன்றாக நின்றது. ஓப்பன்விபிஎன் வைத்திருப்பவர்கள் நேராக சர்வர் லாகை (நிகழ்வுப் பதிவேட்டை) திறந்து, ரத்துப் பட்டியல் காலாவதி என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சான்றிதழ் உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ கருவி கொண்டு அமைத்திருந்தால், ரத்து செய்த சான்றிதழ்களின் பட்டியலுக்கு இயல்பான ஆயுள் 180 நாள்தான். வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழை முறையாக ரத்து செய்த அலுவலகத்துக்குத்தான் இந்தக் கோளாறு வரும், ஏனென்றால் மற்றவர்களிடம் அந்தப் பட்டியலே இருக்காது. பட்டியலைப் புதிதாக உருவாக்கி சர்வரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் சரி. அதற்காக ரத்துச் சோதனையையே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் போனவர்கள் எல்லோருக்கும் கதவு மறுபடி திறந்துகொள்ளும். சர்வர் சான்றிதழின் இயல்பான ஆயுள் 825 நாள். அதையும் பட்டியலின் தேதியையும் காலண்டரில் 15 நாள் முன்னதாகக் குறித்து வையுங்கள்.

வெளியிலிருந்து நெட்வொர்க் தெரிந்த ஆளை அழைக்கும் கட்டம்: மற்ற எல்லாச் சான்றிதழ்களும் சார்ந்திருக்கும் மூலச் சான்றிதழே காலாவதி என்றால். எல்லா லேப்டாப்புக்கும் புதுக் கோப்பு தர வேண்டியிருக்கும். அரைகுறையாகச் செய்தால் இரண்டு நாள் அலுவலகமே நிற்கும்.

## இணைகிறது, ஆனால் சர்வர் திறக்கவில்லை

புகார்களில் அதிகம் வருவது இதுதான். சர்வரின் ஐபிக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டும் கட்டளை) செய்து பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே அலுவலக நெட்வொர்க் 10.73.20.0/24 (10.73.20 என்று தொடங்கும் எண்கள்) என்றும், சர்வர் 10.73.20.5 என்றும், விபிஎன்னில் வருபவர்களுக்கு 10.73.99.0/24 என்றும் வைத்துக்கொள்வோம்.

### ஐபி போட்டால் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை

பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. அலுவலகத்துக்குள் ஒரு கணினி இன்னொன்றைக் கூவி அழைத்தே கண்டுபிடித்துவிடும். அந்தக் கூவல் விபிஎன்னைத் தாண்டாது. விபிஎன் அமைப்பில் டிஎன்எஸ் சர்வராக அலுவலகத்தின் டிஎன்எஸ் எண்ணைக் கொடுங்கள். டிஎன்எஸ் சர்வரே இல்லாத சிறிய அலுவலகம் என்றால் நெட்வொர்க் டிரைவை ஐபி எண்ணாலேயே மேப் செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால் சர்வரின் ஐபி என்றைக்கும் மாறாதபடி நிலையாக வைக்க வேண்டும்.

### ஐபிக்கே பிங் வரவில்லை

வீட்டு எண்ணும் அலுவலக எண்ணும் ஒன்றா? ஐபிகான்ஃபிக் கட்டளையில் வீட்டு வைஃபையின் எண்ணைப் பாருங்கள். வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1 என்றால் லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் பக்கம் பார்க்காது. ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்து வைஃபையில் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அன்றைக்குத் தப்பிக்க வீட்டு ரவுட்டரின் எண்ணை 192.168.57 என்பது போல மாற்றலாம். ஆனால் 30 பேர் வீட்டுக்கும் போய் மாற்ற முடியாது. மாற வேண்டியது அலுவலகம்தான். வீடுகளில் யாரும் வைத்திருக்காத 10.73.20 போன்ற எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறுங்கள். மாற்றும்போது மறந்துபோவது சர்வர் அல்ல. பிரிண்டர், சிசிடிவி பெட்டி, விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரம், டேலி உரிமச் சர்வர் முகவரி, ஸ்கேனரிலிருந்து ஃபோல்டருக்குப் போகும் பாதை இவைதான். முதல்நாளே பட்டியல் எழுதி, ஒவ்வொன்றின் பழைய எண், புது எண், மாற்றும் திரை எங்கே என்று குறித்து வைத்தால் நான்கு மணி நேர வேலை.

சர்வரின் ஃபயர்வால். டொமைனில் (எல்லோர் கணக்கையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் அமைப்பில்) சேராத விண்டோஸ் சர்வரில், ஃபைல் ஷேரிங் விதி இயல்பாகவே தன் சொந்த நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களை மட்டும் அனுமதிக்கும். விபிஎன்னில் வருபவர் 10.73.99 எண்ணில் வருவதால் வெளியாள் ஆகிவிடுகிறார். விண்டோஸ் ஃபயர்வாலின் மேம்பட்ட திரையில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் (எஸ்எம்பி-இன்)' விதியைத் திறந்து, 'ஸ்கோப்' தாவலில் 10.73.99.0/24 என்று சேருங்கள். பிங் விதிக்கும் அதையே செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஃபயர்வாலையே அணைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று போகிறவர்கள் அதிகம். அப்படி அணைத்த சர்வரில், ஒரே ஒரு லேப்டாப்பில் நுழைந்த வைரஸ் பத்து நிமிடத்தில் எல்லா ஃபோல்டரையும் தொட்டுவிடும்.

திரும்பும் வழி. அலுவலகத்தில் இரண்டு இணைய இணைப்பும் இரண்டு ரவுட்டரும் இருக்கின்றனவா? விபிஎன் முதல் ரவுட்டரில் இருக்க, சர்வரின் கேட்வே (வெளியே போகும் வழி) இரண்டாவதைக் காட்டினால், கேள்வி ஒரு கதவால் வந்து பதில் வேறு கதவால் போகும், வழியில் தொலைந்துவிடும். சர்வரின் கேட்வேயை மாற்றுங்கள், அல்லது 10.73.99.0/24-க்கு முதல் ரவுட்டர் வழியாகப் போகும்படி ஒரு நிலையான பாதை சேருங்கள்.

ஆளை அழைக்கும் கட்டம்: இரண்டு மூன்று கிளைகள், ஒன்றுக்கு மேற்பட்ட விலான் (உள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்) என்று இருந்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையிலும் தெரியவில்லை என்றால்.

## சின்னது வருகிறது, பெரியது தொங்குகிறது

பிங் வருகிறது, ஃபோல்டர் பட்டியல் தெரிகிறது, ஆனால் கோப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லாகின் பக்கம் வருகிறது, உள்ளே போனால் வெள்ளைத் திரை. இப்படி இருந்தால் பாக்கெட் அளவுதான் காரணம். வீட்டு வைஃபையை விட மொபைல் டேட்டாவில் இது அதிகம்.

விபிஎன்னில் இருந்தபடி சர்வருக்கு பிங் அனுப்புங்கள். 'துண்டாக்காதே' என்ற எஃப் விருப்பத்தோடு, எல் விருப்பத்தில் அளவு 1392 கொடுங்கள். வயர்கார்டின் இயல்பான அளவு 1420. அதில் தலைப்புக்கான 28 போக மீதி 1392. பதில் வராமல் 'நேரம் முடிந்தது' என்று வந்தால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். முதலில் பதில் வரும் அளவோடு 28 கூட்டுங்கள். 1352-இல் வந்தால் 1380. விபிஎன் கோப்பில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பை அந்த எண்ணாக மாற்றுங்கள். எல்லா லேப்டாப்பிலும் மாற்ற முடியாதென்றால் அலுவலக ரவுட்டரில் எம்எஸ்எஸ் (பாக்கெட்டுக்குள் போகும் டேட்டாவின் உச்ச அளவு) வரம்பை அதைவிட 40 குறைத்து, அதாவது 1340 என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு எண் வருகிறது, நேரமும் இல்லை என்றால் எம்டியு 1280 எல்லா இடத்திலும் ஓடும். வேகத்தில் சிறிது இழப்பு, அவ்வளவுதான்.

## விட்டு விட்டு அறுகிறது

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஓப்பன்விபிஎன் இயல்பாக 3600 விநாடிக்கு ஒருமுறை சாவியைப் புதுப்பிக்கும். ஓடிபி வைத்திருந்தால் அப்போது பழைய எண்ணையே மறுபடி அனுப்பித் தோற்றுப்போகும். ஓடிபியை எடுக்காதீர்கள். முதல் லாகினுக்குப் பிறகு சர்வரே ஒரு தற்காலிக டோக்கன் தரும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, ஆயுளை 10 மணி நேரம் என்று வையுங்கள்.

சும்மா இருந்தால் சில நிமிடத்தில். நடுவில் உள்ள ரவுட்டர் இந்த இணைப்பை மறந்துவிடுகிறது. வயர்கார்டில் தொடர்-உயிர்ப்பு (சும்மா இருந்தாலும் இடையிடையே ஒரு சிறு பாக்கெட் அனுப்பும் இடைவெளி) மதிப்பை 25 விநாடி ஆக்குங்கள். ஓப்பன்விபிஎன்னில் அதே அமைப்புக்கு 10, 60 விநாடி போதும்.

ஒருவர் வந்தால் இன்னொருவர் போகிறார். ஒரே விபிஎன் கோப்பை இரண்டு கருவியில் போட்டிருக்கிறார்கள். லேப்டாப்பிலும் வீட்டு டெஸ்க்டாப்பிலும் ஒரே சாவி இருந்தால் சர்வர் கடைசியாகப் பேசியவரிடமே பதில் அனுப்பும். கருவிக்கு ஒரு கோப்பு கொடுங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யவும் அப்போதுதான் முடியும்.

ஒழுங்கே இல்லாமல். வைஃபைதான். நெட்வொர்க் கேபிள் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிளில் சரியாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், 2.4-இல் தான் இருந்தாக வேண்டுமென்றால் சேனல் 1, 6, 11 இவற்றில் அக்கம்பக்கத்தில் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

## மெதுவாக இருக்கிறது

முதலில் எது மெது என்று கேளுங்கள். எல்லாமா, டேலி மட்டுமா?

டேலி அல்லது பழைய கணக்கு மென்பொருள் மட்டும். வேகம் கூடிய இணையம் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். டேட்டா ஃபோல்டரை விபிஎன் வழியாகத் திறக்கும்போது மென்பொருள் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கான சிறு சிறு கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்குகிறது. அலுவலகத்துக்குள் ஒரு கேள்விக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. வீட்டிலிருந்து 40 மில்லி செகண்ட். ஆயிரம் கேள்வி என்றால் 40 விநாடி. இணைய வேகத்தை 50-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அந்த 40 அப்படியே இருக்கும். அதோடு நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு. டேலி அலுவலகக் கணினியிலேயே ஓடட்டும். வீட்டிலிருப்பவர் விபிஎன்னுக்குள் இருந்தபடி அந்தக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்க்கட்டும். திரையின் காட்சி மட்டுமே வழியில் போவதால் சாதாரண இணைப்பே போதும்.

எல்லாமே மெது, காலை 10 முதல் 12 வரை மட்டும். அலுவலகத்தின் அப்லோடு நிரம்புகிறது. வீட்டில் இருப்பவருக்கு டவுன்லோடு என்பது அலுவலகத்துக்கு அப்லோடு. முழு போக்குவரத்தும் விபிஎன்னுக்குள் போகும்படி வைத்திருந்தால், பத்துப் பேர் வீடியோ மீட்டிங் போட்டாலே ஆளுக்கு 1.5 முதல் 3 எம்பிபிஎஸ் வரை உங்கள் இணைப்பில் உள்ளே வந்து வெளியே போகும். விபிஎன் கோப்பில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று இருப்பதை 10.73.20.0/24 ஆக்கினால் அலுவலக வேலை மட்டும் விபிஎன்னில் வரும், மற்றவை நேராகப் போகும். இதற்கு ஒரு விலை உண்டு: வீட்டு லேப்டாப் இணையத்தில் அலுவலக ஃபயர்வாலின் பாதுகாப்பு இல்லாமல் திரியும். ஆகவே அந்த லேப்டாப்பில் ஆன்டிவைரஸும் விண்டோஸ் அப்டேட்டும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள்.

எப்போதும் மெது. சர்வரின் நெட்வொர்க் வேகம் 1 கிகாபிட்டா 100 மெகாபிட்டா என்று பாருங்கள். கிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தால் பேசாமல் 100-க்கு இறங்கி இரண்டு ஜோடியில் ஓடும். புது பேட்ச் கேபிள் சில நூறு ரூபாய்தான். அடுத்து, விபிஎன் ஓடும் ரவுட்டரின் சிபியு 100% தொடுகிறதா பாருங்கள். தொட்டால் ஓப்பன்விபிஎன்னிலிருந்து வயர்கார்டுக்கு மாறுங்கள். ரவுட்டர் வாங்குவது கடைசி.

## பாஸ்வேர்டு எடுக்கவில்லை, கணக்கு லாக் ஆகிறது

அலுவலகத்தில் மாற்றினார், வீட்டில் பழையதுதான் எடுக்கிறது. டொமைன் லேப்டாப் கடைசியாகத் தெரிந்த பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கிறது. பழையதில் உள்ளே போய், விபிஎன் இணைத்து, திரையை லாக் செய்து, புதிய பாஸ்வேர்டில் திறக்கச் சொல்லுங்கள்.

திறந்துவிட்டாலும் மறுபடி மறுபடி லாக். டொமைன் சர்வரின் செக்யூரிட்டி லாகில் 4740 எண்ணுள்ள (கணக்கு லாக் ஆன) நிகழ்வைத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து என்று அதில் இருக்கும். பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மெயிலைத் தட்டும் ஒரு போனாகவோ, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த நெட்வொர்க் டிரைவாகவோ இருக்கும். ஆனால் 4625 (தோற்ற லாகின்) நிகழ்வுகள் மணிக்கு நூற்றுக்கணக்கில், 'அட்மின்', 'டெஸ்ட்' என்று உங்களிடம் இல்லாத பெயர்களில் வந்தால், யாரோ ஒரு போர்ட்டைத் திறந்து விட்டிருக்கிறார்கள். ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலை உடனே திறந்து, காரணம் தெரியாத ஒவ்வொன்றையும் மூடுங்கள்.

## கேட்காமலே ஓடிபி வருகிறது, கோப்புகளின் பெயர் மாறியிருக்கிறது

இங்கே சோதனை செய்துகொண்டிருக்கக் கூடாது.

ஓடிபியோ, லாகினை அனுமதிக்கச் சொல்லும் செய்தியோ போனில் தானாக வந்தால் பாஸ்வேர்டு ஏற்கெனவே யாரிடமோ போய்விட்டது என்று பொருள். அனுமதிக்காதீர்கள். வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் துண்டியுங்கள். மெயிலில் வெளி முகவரிக்கு ஃபார்வர்டு செய்யும் விதி ஏதாவது போட்டிருக்கிறார்களா பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றியும் திருட்டு தொடர்வது அதனால்தான். வெறும் 'ஆம்' பொத்தானை அமுக்கும் முறை இருந்தால், திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கும் முறைக்கு மாறுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் செயலியில் 2023 மே மாதத்திலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. கூடவே விலகிப் போனவர்களின் விபிஎன் கணக்குகளைத் தேடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நின்றது, இரண்டாம் அடையாளச் சோதனை இல்லாத, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான்.

கோப்புகள் திறக்காமல், பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டியிருந்தால் அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். விபிஎன்னை மொத்தமாக நிறுத்துங்கள். ஆளை அழைப்பது இப்போதே, நீங்கள் ஒரு கோப்பைத் தொடுவதற்கும் முன்னால். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள், சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. பணமும் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பேக்கப்பிலிருந்து மீட்பதற்கு முன் எல்லா விபிஎன் சாவிகளையும் நிர்வாகி பாஸ்வேர்டுகளையும் புதிதாக்குங்கள். வந்தவர் எந்தக் கதவால் வந்தார் என்று தெரியும்வரை விபிஎன்னை யாருக்கும் திறக்காதீர்கள், முதலாளியே கேட்டாலும்.